ஏதென்ஸ் (ஜார்ஜியா): ஒரு கல்லூரி நகரின் வரலாறு

ஏதென்ஸ், அமெரிக்காவின் தென்பகுதி மாநிலங்களில் ஒன்றான ஜார்ஜியாவில் ஒக்கோனி ஆற்றங்கரையில் அமைந்துள்ள நகரம். மாநிலத் தலைநகர் அட்லாண்டாவுக்குக் கிழக்கே சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஜார்ஜியா பல்கலைக்கழகம் இங்கு இயங்குகிறது. இந்த நகரில் முதலில் வந்தது கல்லூரி. ஊர் அதைச் சுற்றி வளர்ந்தது. அதனால் ஏதென்ஸில் மாணவர்களும் பயணிகளும் காணும் இடங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் வரலாற்றோடு பிணைந்தவை. கல்விக்கூடத்தின் வாசல் யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு அடைக்கப்பட்டிருந்தது என்ற கேள்வியும் அந்த இடங்களில் அடங்கியிருக்கிறது.

தோற்றம்

ஜார்ஜியா சட்டமன்றம் 1785 ஜனவரி 27 அன்று பல்கலைக்கழகத்துக்கான சாசனத்தை நிறைவேற்றியது. அமெரிக்காவில் ஒரு மாநில அரசின் சாசனம் பெற்ற முதல் பல்கலைக்கழகம் இதுவே. சாசனத்தை எழுதியவர் யேல் கல்லூரியில் படித்த ஆப்ரகாம் பால்ட்வின். அவரே முதல் தலைவராகவும் இருந்தார். ஆனால் சாசனம் பதினாறு ஆண்டுகள் தாளிலேயே இருந்தது. 1801-ல் ஜான் மில்லெட்ஜ் ஒக்கோனி ஆற்றின் அருகே 633 ஏக்கர் நிலத்தை வாங்கிப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். பிளேட்டோவின் கல்விக்கழகம் இருந்த கிரேக்க நகரின் நினைவாக அந்த இடத்துக்கு ஏதென்ஸ் என்று பெயரிடப்பட்டது. முதல் மாணவர் அணி 1804-ல் பட்டம் பெற்றது. முதல் நிரந்தரக் கட்டடமான 'பழைய கல்லூரி' 1806-ல் முடிந்தது. அதே ஆண்டில் ஏதென்ஸ் முறைப்படி நகரமானது.

தொடக்ககால மாணவர் வாழ்வு

தொடக்ககால மாணவர்கள் அனைவரும் வெள்ளையின ஆண்கள். வகுப்புக்கு வெளியே அவர்களின் வாழ்வில் முதன்மையாக இருந்தவை விவாத மன்றங்கள். 1803-ல் தொடங்கிய டெமாஸ்தனியன் இலக்கியக் கழகம் கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனீஸின் பெயரைக் கொண்டது. 1820-ல் அதற்குப் போட்டியாக ஃபை கப்பா கழகம் உருவானது. அரசியலையும் சட்டத்தையும் தொழிலாகக் கொள்ள விரும்பியோர் இம்மன்றங்களில் பேசிப் பழகினர். டெமாஸ்தனியன் கழகத்துக்காக 1824-ல் கட்டப்பட்ட மன்றம் வளாகத்தில் இன்றும் உள்ளது.

அதே காலத்தில் வளாகத்தின் அன்றாட வேலைகளைச் செய்தவர்களில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களும் இருந்தனர். அவர்களின் உரிமையாளர்களுக்கு வாடகை கொடுத்துப் பல்கலைக்கழகம் அவர்களை வேலைக்கு அமர்த்தியது. அவர்கள் துடைத்த அறைகளில் உட்கார்ந்து படிக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

உள்நாட்டுப் போரின்போது மாணவர்கள் படைக்குச் சென்றதால் 1863-ல் பல்கலைக்கழகம் மூடப்பட்டு, 1866 ஜனவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. அப்போரின் எச்சமான இரட்டைக்குழல் பீரங்கி நகர மன்றத்தின் முன் நிற்கிறது. சங்கிலியால் இணைத்த இரண்டு குண்டுகளை ஒரே நேரத்தில் சுடுவதற்காக 1862-ல் அது வார்க்கப்பட்டது. சோதனையில் இரு குழல்களும் ஒரே கணத்தில் வெடிக்கவில்லை. சங்கிலி அறுந்து குண்டுகள் வெவ்வேறு திசைகளில் பறந்தன. பீரங்கி போருக்குப் பயன்படாமல் காட்சிப்பொருளாயிற்று.

தனக்குத் தானே உரிமையான மரம்

டியரிங் தெருவும் ஃபின்லி தெருவும் சந்திக்கும் இடத்தில் ஒரு வெள்ளை ஓக் மரம் உள்ளது. ஏதென்ஸுக்கு வருபவர்கள் தவறாமல் பார்க்கும் இடம் இது. வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்பவர் தம் இளமையில் இங்கிருந்த ஓக் மரத்தை மிகவும் நேசித்ததாகவும், மரத்தையும் அதைச் சுற்றி எட்டடி நிலத்தையும் அந்த மரத்துக்கே பத்திரம் எழுதி வைத்ததாகவும் ஊரார் கூறுவர். இது 1820-க்கும் 1832-க்கும் இடையில் நடந்ததாகச் சொல்லப்படுகிறது. இக்கதை அச்சில் வந்தது 1890-ல்தான். பத்திரம் எதுவும் கிடைக்கவில்லை. மரம் சொத்துரிமை பெறுவதைச் சட்டமும் ஏற்காது. ஆனாலும் நகரம் அந்த உரிமையை மதித்து வருகிறது. முதல் மரம் 1942-ல் சாய்ந்தது. அதன் விதையிலிருந்து வளர்த்த கன்று 1946-ல் அதே இடத்தில் நடப்பட்டது. இன்று நிற்பது அந்த வாரிசு மரம்தான்.

கதை நடந்ததாகச் சொல்லப்படும் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்றைய ஜார்ஜியாவில் ஒரு மரம் தனக்குத் தானே உரிமையாக இருக்கலாம் என்று ஒருவர் எண்ணியிருக்கலாம். அதே நகரில் வாழ்ந்த அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்களுக்குத் தங்கள் உடலின் மீதே உரிமை இருக்கவில்லை.

இரும்பு வளைவு

வளாகத்தின் வடக்கு எல்லையில் பிராட் தெருவை நோக்கி 1850-களில் அமைக்கப்பட்ட வார்ப்பிரும்பு வளைவு உள்ளது. ஜார்ஜியா மாநில முத்திரையை ஒட்டி வடிவமைக்கப்பட்ட இதன் மூன்று தூண்களும் அறிவு, நீதி, நிதானம் ஆகியவற்றைக் குறிப்பவை. பட்டம் பெறும்வரை வளைவின் கீழே நடக்கக் கூடாது என்பது மாணவர் வழக்கம். இது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. மீறினால் பட்டம் கிடைக்காது என்பது நம்பிக்கை. அதனால் மாணவர்கள் பக்கவாட்டில் சுற்றிச் செல்கின்றனர். அங்குள்ள கற்படிகளின் ஓரங்கள் தேய்ந்திருப்பதைக் காணலாம்.

இந்த வழக்கம் ஒரு விளையாட்டு. ஆனால் கறுப்பின மாணவர்களுக்கு இருந்த தடை விளையாட்டன்று. பல்கலைக்கழகம் 1918-ல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. இனத் தடை அதற்குப் பின்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1950-ல் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்த ஹொரேஸ் வார்டு மறுக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கும் வெற்றி பெறவில்லை. வேறு பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து வழக்கறிஞராகத் திரும்பிய அவர், ஹாமில்டன் ஹோம்ஸ், சார்லெய்ன் ஹன்டர் ஆகிய இரு மாணவர்களின் சேர்க்கை வழக்கில் வாதிட்ட குழுவில் இடம்பெற்றார். 1961 ஜனவரி 6 அன்று கூட்டாட்சி நீதிபதி வில்லியம் பூட்டில் இருவரையும் சேர்க்க ஆணையிட்டார்.

ஜனவரி 9 அன்று இருவரும் வளாகத்துக்கு வந்து பதிவு செய்தனர். ஜனவரி 11 இரவு ஹன்டர் தங்கியிருந்த விடுதியின் முன் கூட்டம் திரண்டு கல்லெறிந்தது. காவலர்கள் கண்ணீர்ப்புகை வீசிக் கூட்டத்தைக் கலைத்தனர். பாதுகாப்பைக் காரணம் காட்டி இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் கலகக்காரர்கள் அல்லர், அந்த இரு மாணவர்களே. நீதிமன்றம் மீண்டும் தலையிட்ட பின் சில நாட்களில் இருவரும் வகுப்புக்குத் திரும்பினர்.

சேர்க்கை கிடைத்ததால் மாணவர் வாழ்வு கிடைத்துவிடவில்லை. ஹோம்ஸ் நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் தங்கிப் படித்தார். பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் அவர் உண்டதில்லை. வார இறுதிகளில் அட்லாண்டாவுக்குச் சென்றுவிடுவார். இருவரும் 1963-ல் பட்டம் பெற்றனர். ஹோம்ஸ் மருத்துவரானார். ஹன்டர் புகழ்பெற்ற இதழாளரானார். அவர்களுக்கு ஓராண்டு முன்பே, 1962-ல், இசைக் கல்வியில் முதுகலை முடித்த மேரி ஃபிரான்சஸ் எர்லி, பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். வளைவுக்கு அருகிலுள்ள கட்டடம் 2001 முதல் ஹோம்ஸ்–ஹன்டர் கல்விக் கட்டடம் எனப்படுகிறது.

லின்னன்டவுன்

வாசல் திறந்த அதே ஆண்டுகளில் ஓர் ஊர் அழிந்தது. பாக்ஸ்டர் தெருவை ஒட்டி லின்னன்டவுன் என்ற கறுப்பினக் குடியிருப்பு இருந்தது. மாணவர் எண்ணிக்கை பெருகியதால் விடுதிகள் தேவைப்பட்டன. 1960-களில் நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின்கீழ் அந்நிலம் கையகப்படுத்தப்பட்டு, சுமார் 50 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பலர் சொந்த வீடு வைத்திருந்தவர்கள். அவ்விடத்தில் உயர்ந்த மாணவர் விடுதிகள் எழுந்தன. புதிதாகச் சேர்ந்த பல தலைமுறை மாணவர்கள் அந்த ஊரின் பெயரைக் கேள்விப்படாமலேயே அங்கு வாழ்ந்து சென்றனர். முன்னாள் குடியிருப்பாளர்களின் தொடர்முயற்சியால் 2021 பிப்ரவரியில் நகர–மாவட்ட ஆட்சி மன்றம் அந்த அநீதியை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது.

விளையாட்டும் இசையும்

இன்றைய மாணவர் வாழ்வின் பெருவிழா அமெரிக்கக் கால்பந்து. சான்ஃபோர்டு விளையாட்டரங்கம் 1929-ல் யேல் அணிக்கு எதிரான ஆட்டத்துடன் திறக்கப்பட்டது. ஜார்ஜியா 15–0 என வென்றது. தற்போது அரங்கில் 90,000-க்கும் அதிகமானோர் அமரலாம். ஆட்ட நாட்களில் நகரம் முழுவதும் சிவப்பும் கறுப்பும் நிறைந்திருக்கும். அணி வென்றால் பழைய தேவாலயத்தின் மணியை மாணவர்கள் அடிப்பது வழக்கம்.

ஏதென்ஸ் இசைக்கும் பெயர் பெற்றது. தி பி-52ஸ் குழு 1970-களில் இங்கு உருவானது. ஆர்.இ.எம். குழு 1980 ஏப்ரல் 5 அன்று ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் நடந்த விருந்தில் முதன்முதலாகப் பாடியது. அதன் கோபுரம் மட்டும் இன்று எஞ்சியிருக்கிறது. 40 வாட் கிளப்பும் 2009-ல் தீக்கிரையாகி 2011-ல் மீண்டும் திறக்கப்பட்ட ஜார்ஜியா அரங்கும் மாணவர்கள் கூடும் இடங்கள்.

இந்த இசை மரபு 1970-களில் தொடங்கியதாகக் கருதுவது முழுமையன்று. கறுப்பின வணிகர் மன்றோ மார்ட்டன் 1910-ல் கட்டிய மார்ட்டன் அரங்கம் வாஷிங்டன் தெருவில் உள்ளது. பல்கலைக்கழகத்துக்குள் நுழைய முடியாத மக்கள் தங்களுக்கென அமைத்துக்கொண்ட கலைக்கூடம் அது. மருத்துவர்களின் அலுவலகங்களும் மருந்துக்கடையும் அக்கட்டடத்தில் இயங்கின. புதுப்பிக்கப்பட்டு 1993-ல் மீண்டும் திறக்கப்பட்ட அரங்கில் இன்றும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

வளைவு, ஓக் மரம், மார்ட்டன் அரங்கம் மூன்றும் நடந்தே பார்க்கக்கூடிய தொலைவில் உள்ளன. லின்னன்டவுன் இருந்த இடத்தில் பார்க்க வீடுகள் இல்லை. ஏதென்ஸின் வரலாற்றை முழுமையாக அறிய அந்த விடுதிகள் வரைக்கும் நடக்க வேண்டும்.