இரண்டு கடல்மைலும் ஓசையும்: பாயார் தீவும் மீன்வளச் சட்டத்தின் 43-ஆம் பிரிவும்

மலேசியாவின் கெடாக் கடலில் காற்றாலை என்று பேச்செடுத்தால், பாயார் தீவைச் சட்டம் காக்கிறது என்பதே இதுவரையான ஆய்வுகளின் பதில். 1994-ஆம் ஆண்டு ஆணைப்படி பாயார், லெம்பு, காச்சா, செகாந்தாங் தீவுகளைச் சுற்றி இரண்டு கடல்மைல் வரை கடல் பூங்கா. அதற்குள் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிக் கட்டுமானம் எழுப்புவதை 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு தடுக்கிறது. எல்லைக்கு வெளியே எழுப்பினால் அந்தப் பிரிவுக்கு அங்கே வேலையில்லை என்கிறார்கள். பிரிவின் ஓர் உட்பிரிவை மட்டும் படித்ததால் வந்த முடிவு இது என்பது என் கருத்து.

கட்டுமானம் பற்றிய உட்பிரிவுக்கு முன்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும். பவளம் எடுப்பது, மணல் அள்ளுவது, மாசு கொட்டுவது ஆகியவற்றோடு, நீர்வாழ் உயிர்களின் இயற்கையான இனப்பெருக்க இடத்தையோ வாழிடத்தையோ மாற்றுவதும் அங்கே குற்றம். அள்ளுதலும் கொட்டுதலும் செய்கையைச் சொல்லும் வினைகள். மாற்றுதல் விளைவைச் சொல்வது. எந்தக் கருவியால், எங்கே நின்று என்று அது கேட்பதில்லை. பிரிவின் தொடக்கத்தில் வரும் 'பூங்காப் பகுதியில்' என்ற பொருளுடைய தொடர் ஆளைக் குறிக்கிறது, ஆகவே ஆள் உள்ளே இருந்தாக வேண்டும் என்பது முந்தைய வாசிப்பு. அது வினையைக் குறிப்பதாகக் கொள்ளவும் இலக்கணம் இடம் தருகிறது. எல்லைக்கு வெளியே படகை நிறுத்திக் குழாய்வழியே உள்ளே கழிவு விடுபவரைத் தப்பவிடும் வாசிப்பை யார் ஏற்பார்? குற்றவியல் விதிகளை விரித்துப் பொருள்கொள்ள நீதிமன்றங்கள் தயங்கும் என்பதை மறுக்கவில்லை. இருந்தும் சட்டத்தின் நோக்கத்தோடு பொருந்துவது இந்த வாசிப்புதான்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் காற்றாலைக்கு 2002-இல் கடலடியில் தூண்கள் அறையப்பட்டபோது, 20 கிலோமீட்டருக்கு அப்பாலும் கடற்பன்றிகளின் நடத்தை மாறியது பதிவாகியிருக்கிறது. பாயாரின் இரண்டு கடல்மைல் 3.7 கிலோமீட்டர்தான். லங்காவிக் கடலில் வாழும் முதுகுத் துடுப்பில்லாக் கடற்பன்றியும் அதே குடும்பம். வடகடலின் தொலைவுகளை மலாக்கா நீரிணைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆழமும் அடித்தரையும் வேறு. ஆனால் ஓசை 3.7 கிலோமீட்டரோடு நின்றுவிடும் என்று நம்ப எந்த அடிப்படையும் இல்லை.

கடலின் ஓசை நமக்கு இறக்குமதிச் சரக்கும் அன்று. தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் 'ஜுரு செலாம்' எனப்படும் மலாய் மீனவர் படகின் விளிம்பைப் பற்றியபடி நீரில் இறங்கி, தலையை மூழ்கவைத்து, கூட்டம் எந்த மீன், எந்தத் திசை என்று காதாலேயே சொல்வார். அதன் பிறகுதான் வலை இறங்கும்.

நீரிணையில் காற்று வலுவற்றது, இந்தக் கவலை வீண் என்பார்கள். காற்றாலை வராவிட்டாலும் கடலடி மின்கம்பியும் மிதக்கும் சூரியத் தகடுகளுக்கான நங்கூரத் தூண்களும் வரலாம். சுத்தியல் ஓசைக்கு எந்த எரிசக்தி என்ற கணக்கில்லை. மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். 21 தீவுகளைக் கொண்ட 560 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா அங்கே ஏற்கெனவே இருக்க, தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட், குஜராத்தில் 500 மெகாவாட் காற்றாலைகளுக்கு 2024 ஜூனில் இந்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பூங்காவின் கோடு எங்கே முடிகிறது என்ற கேள்வி அங்கே திட்டத்தோடு சேர்ந்து வந்தது. அந்தத் திட்டம் வர வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். கெடாவில் திட்டம் வருமுன்பே அந்தக் கேள்வியைக் கேட்க நேரமிருக்கிறது.

தூண் அறையும் இடத்திலிருந்து 750 மீட்டரில் 160 டெசிபல் என்பது ஜெர்மனியின் வரம்பு. அதற்காகத் தூணைச் சுற்றிக் காற்றுக்குமிழித் திரை விடுகிறார்கள். பாயாருக்கு அளவுகோலை வேறிடத்தில் வைக்கலாம். 43-ஆம் பிரிவை நான் படிக்கும் விதத்தில், வெளியே தூண் அறைபவருக்கும் மீன்வளத் துறைத் தலைமை இயக்குநரின் அனுமதி தேவை. அந்த அனுமதியின் முதல் நிபந்தனை, பூங்கா எல்லைக்கோட்டிலேயே நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கி அளப்பதாக இருக்கட்டும்.