கோலார் தங்கமும் சயனைடு காப்புரிமையும்

கோலார் தங்கவயலின் ஆலைகள் ஓடத் தங்கப் பாறையைப் போலவே தண்ணீரும் வேண்டியிருந்தது. பாலாற்றைத் தேக்கிய பேத்தமங்களா ஏரி தங்கவயலுக்கு நீர் தந்தது. வடஆற்காடு, சித்தூர் பக்கங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் வெட்டி ஏற்றிய பாறையை, ஆலைகளில் இரும்பு உலக்கைகள் இடித்தன. நீரோடு கலந்த அந்தத் தூள் பாதரசம் பூசிய செப்புத் தகடுகள்மேல் வழிந்தோடியது. தங்கம் பாதரசத்தில் ஒட்டிக்கொண்டது. மிக நுண்ணிய தங்கமோ மணலோடு வெளியேறியது.

இந்த இழப்புக்கு வழி கண்டவர் கிளாஸ்கோ நகரின் வேதியியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மெக்ஆர்தர். மருத்துவர்களான ராபர்ட் ஃபாரஸ்ட், வில்லியம் ஃபாரஸ்ட் சகோதரர்கள் அவருடன் சேர்ந்தனர். நீர்த்த சயனைடு கரைசல், காற்றிலுள்ள ஆக்ஸிஜன் துணையோடு தங்கத்தைக் கரைத்துவிடும். மணல் நிரம்பிய தொட்டியில் அதை ஊறவிட்டு வடித்து, துத்தநாகச் சுருள்களின் ஊடே செலுத்தினால் தங்கம் கரும்பொடியாகப் படியும். கரைக்கும் முறைக்கு 1887 அக்டோபரில் பிரிட்டிஷ் காப்புரிமை கோரப்பட்டது. துத்தநாக முறை 1888இல் சேர்ந்தது. 1889இல் நியூசிலாந்தின் கிரவுன் சுரங்கத்தில் இது தொழில் அளவில் ஓடியது. பின்னர் கோலாரிலும் சயனைடு தொட்டிகள் எழுந்தன.

இந்தச் சயனைடு முறைக்கு உரிமத்தொகை கேட்கப்பட்டதும் வழக்குகள் கிளம்பின. சயனைடில் தங்கம் கரையும் என்பது புதிய செய்தி அல்ல. பிரிட்டிஷ் தொழிலதிபர் எல்கிங்டன் 1840இலேயே தங்க முலாம் பூச அதைப் பயன்படுத்திக் காப்புரிமை பெற்றிருந்தார். 1846இல் வேதியியலாளர் எல்ஸ்னர் ஆக்ஸிஜனின் பங்கைக் காட்டியிருந்தார். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் சுரங்க உரிமையாளர்கள் இதையே வாதமாக்கினர். 1896இல் அங்கே காப்புரிமை செல்லாதென்று தீர்ப்பானது. நியூசிலாந்து அரசோ 1897இல் 10,000 பவுண்டு கொடுத்து உரிமையை வாங்கித் தன் சுரங்கங்களுக்குத் திறந்துவிட்டது.

தெரிந்த ஒரு வேதிவினையைப் புதிய பயனுக்குத் திருப்புபவருக்கு எந்த அளவு உரிமை உண்டு என்பதே இவ்வழக்குகளின் மையக் கேள்வி. மெக்ஆர்தரின் உண்மையான சாதனை, ஆய்வகத்தில் அறியப்பட்டிருந்ததை மலிவாகவும் பெருமளவிலும் நடக்கும் ஆலைத் தொழிலாக்கியதுதான். காப்புரிமை கோருபவர் தமக்கு முன் வந்தவர்கள் எழுதி வைத்ததை முதலில் தேட வேண்டும். தாம் கண்டதை மட்டும் துல்லியமாக வரையறுக்க வேண்டும். இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமும் புதுமையைக் கட்டாயமாக்குகிறது.

கோலார் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. தங்கம் பிரித்தபின் கொட்டிய மணல், சயனைடு மேடுகள் என்ற பெயரில் இன்றும் ஊரைச் சூழ்ந்துள்ளது. காற்றில் பறக்கும் அந்தத் தூசியை அருகில் குடியிருப்போர் சுவாசிக்கிறார்கள். கண்டுபிடிப்பின் பலனைக் கணக்கிடும்போது இந்தச் சுமையும் அதில் சேர வேண்டும்.