கஞ்சா வரியில் பிறந்த இழப்பீடு

சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரியை ஒட்டி எவன்ஸ்டன் என்றொரு ஊர். முக்கால் லட்சத்துக்குச் சற்று மேல் ஜனத்தொகை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. படித்தவர்கள் நிறைந்த ஊர். முற்போக்கான ஊர் என்ற பெயரும் உண்டு. குடியிருக்க வீடு தேடிய கறுப்பினத்தவரிடம் காட்டிய பாகுபாட்டுக்காக, நகராட்சிப் பணத்தை எடுத்து இழப்பீடு கொடுக்கத் துணிந்த முதல் அமெரிக்க நகரம் இதுதான்.

இழப்பீட்டுப் பேச்சு அமெரிக்காவில் புதிதல்ல. உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865இல், விடுதலை பெற்ற குடும்பங்களுக்குத் தலா 40 ஏக்கர் வரை நிலம் ஒதுக்கும்படி தளபதி ஷெர்மன் உத்தரவிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதை ரத்து செய்து, நிலத்தைப் பழைய முதலாளிகளிடமே சேர்த்துவிட்டார். 1989இல் ஜான் கான்யர்ஸ் என்ற எம்.பி. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் ஒரு மசோதா கொண்டுவந்தார். பணம் கொடு என்று கூட அது கேட்கவில்லை. இழப்பீடு பற்றி ஆராய ஒரு ஆணையம் அமைக்கலாமே என்றுதான் கேட்டது. தொடர்ந்து கொண்டுவந்துகொண்டே இருந்தார், நிறைவேறவில்லை.

வாஷிங்டனில் நகராத தேரை ஒரு வார்டு கவுன்சிலர் நகர்த்தினார். ராபின் ரூ சிம்மன்ஸ், எவன்ஸ்டனின் ஐந்தாவது வார்டில் பிறந்து வளர்ந்தவர், வீடு மனை விற்பனைத் தொழிலில் இருந்தவர். 2017இல் அதே வார்டிலிருந்து தேர்வானார். கறுப்பினக் குடும்பங்களுக்கும் வெள்ளையினக் குடும்பங்களுக்கும் இடையிலான வருமானப் பள்ளம், நல்லெண்ணத் திட்டங்கள் எத்தனை வந்தும் தூரவில்லை என்பது அவருடைய ஆதங்கம். 2019 பிப்ரவரியில் நகராட்சியின் சமத்துவ ஆணையத்துக்கு எழுதினார்: இழப்பீடு பற்றி நீங்கள் யோசிக்க முடியுமா?

அந்த ஆணையம் வெறும் ஆலோசனைக் குழு. உறுப்பினர்கள் உள்ளூர்க்காரர்கள். பரிந்துரைக்கலாம், உத்தரவு போட முடியாது. இப்படிப்பட்ட குழுக்கள் எப்படி முடியும் என்று நமக்குத் தெரியும்: அறிக்கை, தேநீர், கைகுலுக்கல். இந்தக் குழு வேறொன்று செய்தது. அந்தக் கோடையில் ஊர் மக்களைக் கூட்டி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று நேராகக் கேட்டது. பட்டியலில் முதலில் வந்தது வீடு.

ஏன் வீடு என்பதற்கு ஊரின் வரைபடமே சாட்சி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கறுப்பினக் குடும்பங்கள் ஊரின் பல பகுதிகளிலும் இருந்தன. 1921இல் எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று நகரம் சட்டம் போட்டபோது, மேற்குப் பகுதிக்கு வெளியே அவர்கள் இருந்த தெருக்களை வணிகப் பகுதி என்று வகைப்படுத்தியது. சில வீடுகளை அஸ்திவாரத்திலிருந்து பெயர்த்து, முழு வீடாகவே மேற்கே கொண்டுபோய் வைத்தார்கள். கால்வாய்க்கும் ரயில் பாதைக்கும் நடுவே சிக்கிய முக்கோணத் துண்டு அது. 1930களில் மத்திய அரசின் வீட்டுக் கடன் நிறுவனம் நகரங்களைத் தரம் பிரித்து வரைபடம் தயாரித்தபோது இந்த முக்கோணத்துக்குச் சிவப்பு அடித்தது. சிவப்பு என்றால் கடைசித் தரம், கடன் கொடுத்தால் ஆபத்து. வங்கிக் கடன் இல்லாமல் அமெரிக்காவில் வீடு வாங்குவது எப்படி? வீடு இல்லையென்றால் பிள்ளைக்கு விட்டுச்செல்ல என்ன இருக்கும்?

பாகுபாடு வீட்டோடு நிற்கவில்லை. உள்ளூர் மருத்துவமனைகள் கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளாததால், டாக்டர் இசபெல்லா கார்னெட்டும் அவர் கணவர் டாக்டர் ஆர்தர் பட்லரும் 1914இல் தங்கள் வீட்டிலேயே மருத்துவமனை தொடங்கினார்கள். பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைக்காத கறுப்பின மாணவர்கள், எமர்சன் தெருவில் தங்களுக்கென்று தனியாக இருந்த ஒய்.எம்.சி.ஏ. கிளையில் தங்கிப் படித்தார்கள். கறுப்பின வரலாற்றுக்கென ஷோர்ஃபிரண்ட் என்ற ஆவணக் காப்பகத்தை நிறுவிய டினோ ராபின்சனும், எவன்ஸ்டன் வரலாற்று மையத்தின் ஜென்னி தாம்சனும் இதையெல்லாம் 2020இல் ஓர் அறிக்கையாகத் தொகுத்துக் கொடுத்தார்கள். என் கணக்கில் இந்தக் கதையின் முதுகெலும்பு அந்த அறிக்கைதான். எங்கோ தெற்கில் நடந்த அடிமை முறையை இந்த நகராட்சியின் தலையில் கட்ட முடியாது. தன் சட்டப் புத்தகத்தில் தானே எழுதியதை அது மறுக்கவும் முடியாது.

சரி, பணம்? 2020 ஜனவரி 1 முதல் பொழுதுபோக்குக்கான கஞ்சா விற்பனை இல்லினாயில் சட்டபூர்வமாகவிருந்தது. எவன்ஸ்டனில் முந்தைய மூன்றாண்டுகளில் கஞ்சா வழக்கில் கைதானவர்களில் 71 சதவீதம் கறுப்பினத்தவர். ஊரில் அவர்கள் ஆறில் ஒரு பங்குதான். அந்தச் சரக்கு இனி கடையில் ரசீதோடு விற்கும், நகராட்சிக்கு 3 சதவீத வரியும் வரும். அந்த வரியில் முதல் ஒரு கோடி டாலரை இழப்பீட்டு நிதிக்கு ஒதுக்கலாம் என்றார் சிம்மன்ஸ். 2019 நவம்பர் 25 அன்று நகர்மன்றத்தில் 8-1 என்று தீர்மானம் நிறைவேறியது. நிதியை நடத்த ஒரு துணைக்குழுவும் பிறந்தது.

யாருக்கு, எவ்வளவு என்று முடிவாக இன்னும் ஒன்றரை ஆண்டு ஆனது. 1919 முதல் 1969 வரையான காலத்தில் வயது வந்தவராக எவன்ஸ்டனில் வாழ்ந்த கறுப்பினத்தவர் ‘மூதாதையர்’. அவர்களுடைய நேரடி வாரிசுகள் அடுத்த வரிசை. ஆளுக்கு 25,000 டாலர். ஆனால் கையில் கிடையாது. வீடு வாங்க முன்பணமாக, அடமானக் கடனை அடைக்க, அல்லது பழுது பார்க்க. ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரி பாயும் என்பது நகராட்சி சொன்ன காரணம்.

2021 மார்ச் 22 அன்று இது வாக்கெடுப்புக்கு வந்தபோதும் 8-1தான். எதிர்த்து வாக்களித்த சிசிலி ஃபிளெமிங் கறுப்பினத்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். இழப்பீட்டை ஆதரித்தவர்தான், இது இழப்பீடே அல்ல, அந்தப் பெயரைச் சூட்டிய வீட்டு வசதித் திட்டம், அவரவர் பணத்தை என்ன செய்வதென்று அவரவருக்குத் தெரியாதா என்பது அவர் வாதம். அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

2022 ஜனவரியில் 122 மூதாதையரிலிருந்து 16 பேரைக் குலுக்கலில் எடுத்தார்கள். தொடக்க ஒதுக்கீடு 4 லட்சம் டாலர் அவ்வளவு பேருக்குத்தான் போதும். ஊரில் இருந்தது ஒரே ஒரு கஞ்சாக் கடை. வரி எதிர்பார்த்த வேகத்தில் வரவில்லை. வயோதிகர்களைக் குலுக்கல் வரிசையில் நிறுத்துவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. காத்திருந்தவர்களில் சிலர் பணம் வருமுன் இறந்தும் போனார்கள். அந்த ஆண்டின் இறுதியில், விலை உயர்ந்த வீடுகள் கைமாறும்போது வசூலாகும் வரியிலிருந்து இன்னொரு கோடி டாலரை நகர்மன்றம் சேர்த்தது. 2023 மார்ச்சில் ரொக்கமாகவே வாங்கிக்கொள்ளவும் அனுமதித்தது. சொந்த வீடே இல்லாதவர்கள் எதைப் பழுது பார்ப்பார்கள் என்று கேட்டபோது பதிலில்லாமல் போனதுதான் காரணம். ஃபிளெமிங் சொன்னது இரண்டாண்டு தாமதமாக நடந்தது.

2024 மே மாதம் ஜுடிஷியல் வாட்ச் என்ற வலதுசாரி அமைப்பு, சிலர் சார்பில் நகராட்சி மீது வழக்குத் தொடுத்தது. வழக்காடிகளின் முன்னோரும் அதே 1919-69 காலத்தில் எவன்ஸ்டனில் வாழ்ந்தவர்கள்தான். தாங்கள் கறுப்பினத்தவர் அல்ல என்பதால் மட்டும் விலக்குவது அரசமைப்புக்கு விரோதம் என்கிறார்கள். அந்த ஐம்பதாண்டில் நகரம் யாரை எங்கே குடியமர்த்தியது என்பதற்கான பதில், டினோ ராபின்சனும் ஜென்னி தாம்சனும் தொகுத்த அறிக்கையில் இருக்கிறது. இனத்தை அளவுகோலாக வைத்து அரசு பணம் கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி; அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.