கீழப்பழுவூரும் மருதையாறும்: இரு மாவட்டங்களின் போராட்ட வரலாறு

அரியலூர் மாவட்டத்துக்குப் பிறந்த நாள் இரண்டு. 2001 ஜனவரி 1-இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்தது. 2002 மார்ச் 31-இல் மறுபடி அதோடே சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23-இல் திரும்பவும் தனி மாவட்டமானது. பெரம்பலூரும் 1995 வரை திருச்சி மாவட்டத்தின் ஒரு மூலைதான். விழா மலர் என்றால் இந்தத் தேதிகளோடு ஆட்சியர்களின் பெயர்ப் பட்டியலையும் சிமெண்டு ஆலைகளின் கதையையும் சேர்த்து முடித்துவிடுவது வழக்கம். அதைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இந்தப் பக்கத்து மக்கள் தில்லியைப் பார்த்து எழுப்பிய குரலில் எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்பதைத்தான் நான் எழுத நினைத்தேன்.

நவம்பர் 23 அரியலூருக்குப் பழக்கமான தேதி. 1956-இல் அதே நாள் அதிகாலை, மருதையாற்று வெள்ளம் ரயில் பாலத்தை அரித்துவிட, சென்னை–தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றுக்குள் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். இன்று அந்தப் பக்கம் போகிறவர் கண்ணில் படுவது மணலும் சீமைக்கருவேலமும்தான். ரயில் பெட்டிகளைப் புரட்டிப்போடும் தண்ணீர் இதில் ஓடியது என்றால் நம்புவது கடினம். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதே விலக முன்வந்தவர் அவர். அப்போது நேரு ஏற்கவில்லை. துணை அமைச்சராக இருந்தவர் ஓ.வி. அழகேசன். தி.மு.க. மேடைகளில் அவர் பெயரையும் அரியலூரையும் மோனைக்கு மோனை சேர்த்து முழங்கினார்கள். சாஸ்திரி, அழகேசன் இருவரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1962 தேர்தலில் பெரம்பலூர் தொகுதி தி.மு.க.வின் இரா. செழியனை மக்களவைக்கு அனுப்பியது. மறு ஆண்டே ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1965 ஜனவரி 26-க்குப் பிறகும் ஆங்கிலம் தொடரலாம் என்று அதில் இருந்ததே ஒழிய, தொடர்ந்தே ஆக வேண்டும் என்ற உறுதி இல்லை. கெடு நெருங்க நெருங்க, இந்தி மட்டுமே ஆட்சிமொழியாகிவிடுமோ என்ற அச்சம் கூடியது. 1964 ஜனவரி 25 அன்று அரியலூர்ப் பக்கத்துக் கீழப்பழுவூர் சின்னச்சாமி திருச்சி ரயில் நிலையத்தில் தீக்குளித்து இறந்தார். இருபது வயதுகளில் இருந்த இளைஞர். மொழிக்காக உயிரை விட்ட அவரைப் பின்பற்றி அடுத்த ஆண்டு வேறு சிலரும் மாண்டார்கள். மேடைதோறும் அவர் பெயரைச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அந்த உயிர் போயிருக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். தில்லியை அசைத்தது ஒரு வருடம் கழித்து வீதிக்கு வந்த கூட்டம்.

1965 ஜனவரி கடைசியில் மாணவர்கள் திரண்டார்கள். 27-ஆம் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிப்ரவரியில் ஊர் ஊராகத் துப்பாக்கிச் சூடு நடந்தது. 11-ஆம் தேதி மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். கடிதம் போனது பிரதமர் சாஸ்திரியிடம். அரியலூர் விபத்தின்போது ஒரே அமைச்சகத்தில் இருந்த இருவர், எட்டு ஆண்டு கழித்து இப்படி எதிரெதிரே நின்றார்கள். அன்றிரவே சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்று நேரு தந்த வாக்குறுதி காக்கப்படும் என்றார். கடிதங்கள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன.

வாக்குறுதி சட்டமானது அன்றைக்கல்ல, 1967-இல்தான். அதற்குள் தமிழ்நாட்டில் ஆட்சியே மாறிவிட்டது. விருதுநகரில் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசனிடம் காமராசரே தோற்றார். எல்லாவற்றையும் மொழிப்போரின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அரிசித் தட்டுப்பாடும், ரூபாய்க்கு மூன்று படி என்ற பேச்சும் எவ்வளவு ஓட்டை இழுத்தன என்பது அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டால் தெரியும். இருந்தாலும் மாணவர் போராட்டத்துக்குப் பின்னால் தேர்தல் ஒன்று வரிசையில் நின்றது. சாஸ்திரிக்கும் அது தெரியும், அன்றைய முதல்வர் பக்தவத்சலத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஈழச் சிக்கலில் அந்தப் பிடி கிடைக்கவில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாடே கொதித்தது. தில்லியோ ஒரு கையால் போராளிகளுக்குப் பயிற்சி கொடுத்தது, மறு கையால் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவுடன் பேசியது. 1985 திம்புப் பேச்சு முறிந்தது. 1987 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்குப் பொருள்கள் போகாமல் கொழும்பு தடுத்தது. அந்த மார்ச் 15-இல் அதே மருதையாற்றில், ரயில் பாலத்தில் குண்டு வெடித்து மலைக்கோட்டை விரைவு ரயில் கவிழ்ந்தது. இருபது பேருக்கு மேல் செத்தார்கள். பொன்பரப்பிப் பக்கத்துத் தமிழரசன் நடத்திய தமிழ்நாடு விடுதலைப்படைதான் இதைச் செய்தது என்றும், ஈழத்தில் தில்லி நடந்துகொண்ட விதத்துக்கு எதிர்ப்புக் காட்டவே செய்தது என்றும் சொல்லப்பட்டது. ஆனால் செத்தவர்களில் வெளியுறவுக் கொள்கை வகுத்தவர் ஒருவரும் இல்லை. சென்னைக்கும் திருச்சிக்கும் போய்வரும் சாதாரண சனங்கள். ஜூன் 4-இல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலம் போட்டதற்குக் காரணம் வடமராட்சியில் நடந்த ராணுவத் தாக்குதல். இந்தக் குண்டு அல்ல. செப்டம்பர் 1-இல் பொன்பரப்பியில் வங்கியைக் கொள்ளையடிக்க வந்த தமிழரசனும் கூட்டாளிகளும் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அடித்தது ஊர்க்காரர்கள் என்பது ஒரு தரப்பு. மஃப்டியில் வந்த போலீசார் என்பது அவர் ஆதரவாளர்கள் பேச்சு. எப்படியானாலும், யாருக்காகத் துப்பாக்கி எடுத்ததாகச் சொன்னாரோ அந்த மக்கள் அவர் பின்னால் திரளவில்லை.

பத்து பேர் வைத்த குண்டை விடுங்கள், பல்லாயிரம் பேர் திரண்டபோது என்ன நடந்தது? 2013 மார்ச்சில் ஈழத் தமிழருக்கு நீதி கேட்டுச் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் சிலர் தொடங்கிய உண்ணாவிரதம் தமிழகக் கல்லூரிகளெங்கும் பரவியது. 19-ஆம் தேதி தி.மு.க. மத்திய அரசிலிருந்து விலகியது. இரண்டு நாளில் ஜெனீவாவில் இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. நவம்பரில் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்கு மன்மோகன் சிங் போகவில்லை. வெளியுறவு அமைச்சர் போனார். அடுத்த மார்ச்சில் ஜெனீவாவில் மறுபடி தீர்மானம் வந்தபோது இந்தியா யாருக்கும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. ஓராண்டுதான் தாக்குப்பிடித்தது.

ஏன் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். மக்களவையில் 543 இடம், தமிழ்நாட்டுக்கு 39. வெளியுறவு முழுக்க மத்திய அரசின் கையில். வெளிநாட்டோடு போடும் ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல்கூடக் கட்டாயம் கிடையாது. 1974-இல் கச்சத்தீவு போனது அப்படித்தான். ஓட்டுப் போட்டு மாற்ற முடியாத முடிவின் மேல் வரும் கோபம் போக்கிடம் இல்லாமல் உள்ளேயே தங்கிப்போகிறது; அதில் சிலர் குண்டு வரைக்கும் போய்விடுகிறார்கள். (வெளிநாட்டு விவகாரம்தான் எட்டாது என்றில்லை. பெரம்பலூர்க்காரர்கள் எத்தனையோ காலமாக ரயில் கேட்கிறார்கள். இன்னும் அரியலூருக்கோ திருச்சிக்கோ போய்த்தான் ஏறுகிறார்கள்.)

நீட் நுழைவுத் தேர்வால் மருத்துவ இடம் கிடைக்காத, அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் குழுமூர் மாணவி அனிதா 2017 செப்டம்பர் 1-இல் மறைந்தபோது மாநிலமெங்கும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மாநிலத்தின் அதிகாரத்தில் இருந்தது ஓரளவு நடந்தது: 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு. நீட் விலக்கு மசோதா 2021-இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பியபின் 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேறியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.