வளர்ப்பு எலி தும்முகிறதா? சுவாச நோயின் அறிகுறிகளை அறிந்துகொள்வோம்

வளர்ப்பு எலிகளை அதிகம் பாதிக்கும் நோய்களில் ஒன்று சுவாச நோய். எலி தன் நோயை வெளிக்காட்டாது. அது சோர்ந்து படுத்த பிறகே கவனித்தால், நோய் நுரையீரலை எட்டியிருக்கலாம்.

‘மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ்’ என்னும் பாக்டீரியாவே இதற்கு முக்கியக் காரணம். பல எலிகளுக்குக் குட்டிப் பருவத்திலேயே தாயிடமிருந்து இது தொற்றிவிடுகிறது. முதுமை, மன உளைச்சல், மாசடைந்த காற்று ஆகியவற்றால் பின்னர் நோயாக வெளிப்படும்.

தொடக்க அறிகுறிகள்

அடிக்கடி தும்முவது, மூச்சில் ‘குர்குர்’ ஒலி, கண்ணையும் மூக்கையும் சுற்றிச் சிவப்புக் கசிவு ஆகியவை முதலில் தெரியும். அந்தச் சிவப்பு பெரும்பாலும் இரத்தமன்று. கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பியிலிருந்து வரும் ‘போர்பிரின்’ என்னும் நிறமி. தூங்கி எழுந்ததும் சிறிது தெரிந்தால் அஞ்ச வேண்டாம். நாள் முழுதும் கசிந்தால், எலி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளவும் முடியாமல் இருக்கிறது என்று பொருள்.

புதிய இடத்துக்கு வந்த எலி சில நாள்கள் தும்மக்கூடும். அதன் பிறகும் நீடித்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

தாமதிக்கக்கூடாத அறிகுறிகள்

ரோமம் சிலிர்த்து, முதுகு கூனி உட்காருவது, எடை குறைவது, மூச்சுவிடும்போது விலாப்பகுதி உள்வாங்குவது ஆகியவை நோய் முற்றியதைக் காட்டும். தலை ஒருபக்கம் சாய்ந்தால் தொற்று காதுக்குள் பரவியிருக்கலாம். எலி இயல்பாக மூக்கால்தான் சுவாசிக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அவசர நிலை. உடனே சிகிச்சை தேவை.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வைப்பது நல்லது. எலியின் விலாவில் காதை வைத்துக் கேட்டால் மூச்சொலி மாறியிருப்பதும் தெரியவரும்.

சிகிச்சையும் பராமரிப்பும்

மருத்துவர்கள் பொதுவாக டாக்சிசைக்கிளின், என்ரோஃப்ளோக்சசின் போன்ற மருந்துகளைத் தருகின்றனர். இக்கிருமிக்குச் செல்சுவர் இல்லாததால் பெனிசிலின் வகை மருந்துகள் பயன் தருவதில்லை. ஆகவே, வீட்டில் மீந்த மாத்திரையைக் கொடுக்கக்கூடாது. கிருமி உடலைவிட்டு முழுமையாக நீங்காவிட்டாலும், உரிய சிகிச்சையால் அறிகுறிகள் கட்டுப்படும். எல்லா மருந்தகங்களிலும் எலிக்குச் சிகிச்சை அளிப்பதில்லை. சிகிச்சை தரும் விலங்கு மருந்தகத்தை முன்கூட்டியே விசாரித்து வைத்தால் அவசரத்தில் அலையவேண்டியிராது.

சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும் என்பதால் கூண்டை அடிக்கடி சுத்தம் செய்யவேண்டும். பைன் மரத்தூளுக்குப் பதிலாகக் காகிதத் துகள்களைப் பரப்பலாம். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்திப் புகை கூண்டை எட்டக்கூடாது. புகைமூட்ட நாள்களில் சன்னல்களை மூடி வைக்கலாம். புதிதாக வாங்கும் எலியைக் குறைந்தது 2 வாரம் தனி அறையில் வைத்திருந்து, பிறகே மற்றவற்றோடு சேர்க்கவேண்டும்.