குளக்கட்டில் கூடிய ஊர்

ஈழத்தின் வறண்ட பிரதேசத்திலே ஆறில்லாத ஊர்கள் பல. குளமில்லாத ஊர் அரிது. மாரி மழையைத் தேக்கி வைத்தாலன்றி அங்கே நெல் விளையாது. குளமோ மண்கட்டினால் நிற்பது. எலியும் நண்டும் அக்கட்டைத் துளைக்கும், மரவேர் பிளக்கும், மழை அரிக்கும். ஆகவே குளத்தைக் கட்டியது ஒரு தலைமுறையின் வேலையாயினும், அதனைத் திருத்துவது பின்வந்த ஒவ்வொரு தலைமுறைக்கும் உரிய வேலையாயிற்று.

அதற்கு முன்னோர் வகுத்த முறை எளியது. ஒருவருக்குக் குளத்தின்கீழ் எத்துணை வயல் உண்டோ, அதற்கேற்ற நீளமான கட்டு அவருடைய பங்கு. ‘பங்கு’ என்னும் அச்சொல்லே சிங்களக் கிராமங்களிலும் வழங்கியது. மழைக்கு முன்னர் ஊரார் மண்வெட்டியும் கூடையுமாகக் கட்டிலே கூடுவர், உடைப்பை அடைப்பர், துருசைத் துப்புரவாக்குவர், குளத்தில் படிந்த மண்ணை வெட்டிக் கட்டை உயர்த்துவர். வன்னியிலே குளக்கட்டின் காவற்றெய்வம் ஐயனார். அவருக்குப் பொங்கலிடுவது மரபு. நுவரகலாவியச் சிங்கள மக்களும் அவரை ஐயநாயக்க தெய்யோ எனப் போற்றுவர்.

1832ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இராசகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறையை ஒழித்தது. ஊதியமின்றி உழைத்த குடிகளுக்கு அது விடுதலையே. எனினும், குளத்திருத்தத்துக்கு வராதவனைத் தட்டிக்கேட்கும் அதிகாரமும் அதனுடன் போயிற்று. பத்துப்பேர் தம் பங்கைத் திருத்தி, ஒருவன் மட்டும் வாளாவிருப்பின், வெள்ளம் அவன் பங்கிலேயே உடைக்கும். வயலோ பதினொருவருக்கும் அழியும். இதனைக் கண்டு மற்றவரும் சோர்ந்தனர். போராலும் நோயாலும் முன்னரே பாழடைந்தவை போக, எஞ்சிய குளங்களிலும் பல தூர்ந்தன.

1855இல் தேசாதிபதியாக வந்த சேர் ஹென்றி வார்ட் இக்குறையை உணர்ந்தார். 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பழைய நீர்ப்பாசன வழக்கங்களுக்குப் புத்துயிர் அளித்தது. வயலுடையோர் கூட்டத்திற் கூடித் தம் வழக்கங்களைத் தாமே ஏற்க, சட்டம் அவற்றுக்கு வலுவூட்டியது. சென்னை மாகாணத்திலும் 1858இல் குடிமராமத்தைக் காக்க இத்தகைய சட்டம் எழுந்தது.

இவ்வேலைகளை மேற்பார்த்த விதானைமாரை மட்டக்களப்பார் வட்டைவிதானை என்றனர். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அப்பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. இன்று கமக்காரர் அமைப்புகள் அப்பொறுப்பை ஏற்றுள்ளன. தொடர்குளங்களைச் சார்ந்த இக்கிராம முறையினை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண்மை மரபாக அங்கீகரித்தது.

அரசனின் ஆணையால் நடந்த வேலை, ஆணை நீங்கியதும் தளர்ந்தது. ஊரார் கூடித் தாமே இசைந்தபோது மீண்டது. இக்காலத்தில் மண்ணை இயந்திரம் அள்ளலாம். ஆயினும் எந்தக் கட்டை எப்போது திருத்துவது, எவர் பங்கு எத்துணை என்பதனைக் காலபோகத்துக்கு முன்னர் ஊர் கூடியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.