கோதுமைக் கடனின் வட்டி

வெளிநாட்டுக் கல்விப் பரிமாற்றத் திட்டங்களைப் பற்றிய அறிவிப்புகள் இப்போது எங்கள் கல்லூரிப் பலகையிலும் ஒட்டப்படுகின்றன. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளிலிருந்து வரும் மாணவிகள் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள். 'இதெல்லாம் நமக்கா மேடம்?' என்பது அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்விக்கு ஊக்கச் சொற்களால் பதில் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. வரலாற்றைக் கொண்டு பதில் சொல்லலாம். அறிவின் போக்குவரத்தில் வடசென்னைக்கு நூற்றைம்பது ஆண்டுக் கணக்கு இருக்கிறது.

1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களை மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். சென்னையில் வழக்கறிஞராக இருந்த ஆங்கிலேயர் ஒருவரின் மனைவி. ஆண் மருத்துவரிடம் போக முடியாமல் பிரசவத்தில் மாண்டுபோன இந்தியப் பெண்களின் நிலைதான் அவரை மருத்துவம் படிக்கத் தூண்டியது. 1878இல் இங்கே சான்றிதழ் பெற்றுக்கொண்டு இலண்டனுக்குப் போனார். 1882இல் அங்கே பட்டம் வாங்கி, அடுத்த ஆண்டே சென்னைக்குத் திரும்பினார். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று நாம் அறியும் பெண்கள் மருத்துவமனை 1885இல் அவர் முயற்சியில் தொடங்கியது. பின்னர் இலண்டனின் பெண்கள் மருத்துவமனையில் முதன்மை அறுவை மருத்துவராகவும் இருந்தார். மேற்கிலிருந்து கிழக்குக்கு அறிவு வந்தது என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. இந்தக் கதையில் மருத்துவத்தின் முதல் பாடங்களைச் சென்னைதான் கற்றுக்கொடுத்தது. இங்கிலாந்தில் பெண்கள் மருத்துவக் கல்விக்காகப் போராடிக்கொண்டிருந்த காலம் அது.

1880களின் இறுதியில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மருத்துவராக மெடில்டா மெக்ஃபெயில் சென்னைக்கு வந்தார். இராயபுரத்தில் அவர் சிறிய அளவில் தொடங்கிய மருத்துவப் பணிதான் வளர்ந்து இரெய்னி மருத்துவமனை ஆயிற்று. வடசென்னையில் பல குடும்பங்களில் மூன்று தலைமுறைப் பிரசவங்கள் அங்கேயோ, ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலோ நடந்திருக்கின்றன. மிஷனின் நோக்கம் மதமும்தான்; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சொந்த நாட்டு மருத்துவமனைகள் எளிதில் இடம் தராத பெண் மருத்துவர்களுக்குப் பேரரசின் துறைமுக நகரங்கள் வேலை தந்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இராயபுரத்துப் பெண்களின் உடல்நலத் தேவை, ஸ்காட்டியப் பெண்ணின் தொழில் வாழ்வுக்கும் வழி திறந்தது.

நம் பெண்கள் கப்பலேறிய கதை அதற்கு அடுத்த கட்டம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1925இல் அரசின் உதவித்தொகையில் இலண்டனுக்குச் சென்று பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி பெற்றார். 1926இல் பாரிசில் நடந்த அனைத்துலகப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டிலும் கலந்துகொண்டார். திரும்பி வந்ததும் சென்னை சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏறக்குறைய அதே காலத்தில், பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்துவந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆசியப் பெண்களுக்கென்றே நடத்திய பார்பர் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று, 1931இல் முனைவர் பட்டம் பெற்றார்.

இவ்விருவரும் சாதியாலும் பாலினத்தாலும் நேர்ந்த தடைகளைத் தாண்டியவர்கள். முத்துலட்சுமியின் தாய் தேவதாசி மரபில் பிறந்தவர். தேவதாசி முறையை ஒழிக்கும் மசோதாவை மேலவைக்குக் கொண்டுவந்தவரும் அவரேதான். 1947இல் அது சட்டமாயிற்று. வெளிநாட்டுப் பயிற்சி தலைமையை உருவாக்குகிறது என்று சொல்பவர்கள் அவரை எடுத்துக்காட்டலாம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. போராட்டம் அவருக்குள் முன்பே இருந்தது. பயணம் அதற்கு ஒரு மேடையையும் மொழியையும் தந்தது. அவரைப் பரிந்துரைக்க அவரை அறிந்த மனிதர்கள் அதிகாரத்தில் இருந்தார்கள் என்பதும் முக்கியம்.

விடுதலைக்குப் பிறகு பரிமாற்றம் என்பது அரசுகளின் ஒப்பந்தமாக மாறியது. 1950 பிப்ரவரி 2 அன்று இந்தியாவும் அமெரிக்காவும் ஃபுல்பிரைட் திட்டத்துக்கு ஒப்பமிட்டன. இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய தளவாடங்களை விற்ற பணத்தைக் கொண்டு 1946இல் அமெரிக்கா வகுத்த திட்டம் அது. அடுத்த ஆண்டு நாட்டில் கடும் உணவுப் பஞ்சம். 1951 ஜூனில் அமெரிக்கா 19 கோடி டாலர் கடனுக்குத் தானியம் தரச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. இந்தியா கட்டும் வட்டியில் முதல் 50 லட்சம் டாலர் வரை கல்விப் பரிமாற்றத்துக்குச் செலவிடப்படும்: இந்தியர்கள் அமெரிக்காவில் பயிற்சி பெறவும், அமெரிக்கர்கள் இங்கே வரவும், நம் பல்கலைக்கழகங்களுக்கு அமெரிக்க நூல்களும் ஆய்வுக் கருவிகளும் வாங்கவும்.

இதை முதலில் படித்தபோது நெடுநேரம் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். பசிக்கு வாங்கிய கடன். அந்தக் கடனின் வட்டியில் படிப்பு. அந்த வட்டியைக் கட்டியவர்கள் யார்? வரி செலுத்திய, தானியத்தை விலை கொடுத்து வாங்கிய எளிய மக்கள். அதில் பயணம் போனவர்கள் யார்? ஏற்கெனவே பல்கலைக்கழகத்துக்குள் இருந்தவர்கள்.

1954இல் வந்த பி.எல். 480 சட்டம் இதை இன்னும் விரிவாக்கியது. 1956இல் இந்தியா அதன்கீழ் முதல் ஒப்பந்தம் செய்தது. தானியத்துக்கு விலையை ரூபாயிலேயே தரலாம். அந்த ரூபாய் அமெரிக்காவின் கணக்கில் இந்தியாவிலேயே சேரும். கப்பல்களில் வந்த கோதுமையைத் துறைமுகத் தொழிலாளர்கள் முதுகில் சுமந்து இறக்கினார்கள். சோறு உண்டு பழகிய வீடுகளில், ரேஷன் வரிசையில் நின்று அந்தக் கோதுமையை வாங்கி வந்து, கஞ்சியாகவும் களியாகவும் உப்புமாவாகவும் மாற்றிப் பிள்ளைகளுக்குப் பழக்கியவர்கள் பெண்கள். முன்பின் அறியாத ஒரு தானியத்தை ஒரு சமூகத்தின் நாக்குக்குக் கொண்டுசேர்ப்பதும் பண்பாட்டுப் பரிமாற்றம்தான். அதற்கு உதவித்தொகை கிடையாது, சான்றிதழும் கிடையாது.

அப்படிச் சேர்ந்த ரூபாயின் ஒரு பகுதியில், 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. தமிழ் நூல்களும் போயின. இங்கே மறுபதிப்புக் காணாத, கரையான் அரித்துப்போன புத்தகம் சிகாகோவில் பத்திரமாக இருப்பதைத் தமிழாய்வு செய்பவர்கள் அறிவார்கள். அங்கே அதைப் புரட்டும் ஆய்வாளருக்கு, அந்த அலமாரியின் அடியில் ஒரு கோதுமை மூட்டை இருப்பது தெரியுமா என்று நான் யோசிப்பதுண்டு.

இதே காலத்தில் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. 1955இல் அசோக் மோட்டார்ஸ் பிரிட்டனின் லேலண்டுடன் கைகோத்து அசோக் லேலண்ட் ஆனது. என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும் அதே ஆண்டில் திருவொற்றியூருக்கு வந்தது. வெளிநாட்டுத் தொழில்நுட்பம் நம் தெருமுனைக்கே வந்தும், பட்டறைக்குள் நுழைந்து அதைக் கற்றவர்கள் ஆண்கள்தாம். பெண்களுக்கு அந்தச் சங்கு, சமையலுக்கு நேரம் காட்டும் ஒலியாகவே இருந்தது.

இனி இன்றைய விதிகளுக்கு வருவோம். அமெரிக்க அரசு 1940 முதல் நடத்திவரும் பன்னாட்டு வருகையாளர் தலைமைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. தூதரகம் தானாகத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்க வேண்டும். தூதரகத்தின் கண்ணில் படுவதற்கு ஆங்கிலமும், அறிமுகமும், அமைப்புகளும் வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்களே மறுநாள் தெருவில் உட்கார்ந்தார்கள், வாரக்கணக்கில் போராடினார்கள். 'வளரும் தலைவர்' என்பதற்கு இதைவிடத் தெளிவான பொருள் எனக்குத் தெரியவில்லை. அவர்களை எந்தப் பட்டியல் தேடி வந்தது?

ஃபுல்பிரைட்–நேரு முதுகலை உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். 2008இல் செய்த புதிய ஒப்பந்தத்தின்படி இதன் செலவை இரு நாடுகளும் சமமாக ஏற்கின்றன. ஆக இது நம் பணமும்கூட. பட்டப்படிப்புக்குப் பின் குறைந்தது மூன்றாண்டுப் பணி அனுபவம் வேண்டும் என்கிறது விதி. ஆணுக்கு அது வெறும் மூன்றாண்டு. எங்கள் மாணவிகளுக்கோ இருபத்தொன்றிலிருந்து இருபத்து நான்கு வரையிலான அந்த மூன்றாண்டில்தான் வரன் பார்க்கிறார்கள். விதியை எழுதியவர்கள் இதை நினைத்து எழுதவில்லை. ஆனால் அந்த விதி வேலை செய்வது இந்த வயதின்மீதுதான்.

ஒன்றிய அரசு பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கு வழங்கும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் முப்பது விழுக்காடு பெண்களுக்கு என்கிறார்கள். நல்லது. ஆனால் 2022இல் வந்த வழிகாட்டுதல், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு அந்த உதவித்தொகை இல்லை என்றது. தன் பாட்டி மூட்டை பொறுக்கிய துறைமுகத்தின் வரலாற்றை ஒரு தலித் மாணவி வெளிநாட்டில் ஆராய விரும்பினால், அந்தக் கதவு அவளுக்கு மூடியிருக்கும். சாதியைப் பற்றி உலக அரங்கில் பேசக்கூடியவள் அவள்தான் என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப்பாருங்கள்.

அசோகமித்திரன் 1973இல் அமெரிக்காவின் அயோவா பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்துக்குச் சென்று தங்கிய அனுபவத்தில் 'ஒற்றன்' நாவல் பிறந்தது. ஒரு தமிழ் எழுத்தாளர் ஏழு மாதம் வெளியே இருந்ததற்கு நமக்குக் கிடைத்த பலன் அது. அதே ஏழு மாதத்தை வீட்டை விட்டுப் பிரிந்திருக்கத் தமிழ்ப் பெண் எழுத்தாளருக்கு யார் அனுமதி தருவார்கள், பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவார்கள் என்ற கேள்விகள் எந்த விண்ணப்பப் படிவத்திலும் இல்லை. 1925இல் முத்துலட்சுமி இலண்டன் போனபோது கணவரும் பிள்ளைகளும் உடன் போனார்கள். அது இன்றும் அரிதான ஏற்பாடுதான்.

ஆகவே 'இதெல்லாம் நமக்கா?' என்று கேட்கும் மாணவிகளுக்கு நான் சொல்வது இது. இந்தத் திட்டங்கள் உங்களுக்கு யாரோ தரும் கொடை அல்ல. உங்கள் பாட்டிகள் வாங்கிச் சமைத்த தானியத்தின் விலையிலும் வட்டியிலும் இவற்றின் ஒரு பகுதி நின்றது. பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்து வையுங்கள். பட்டம் முடிந்ததும் கிடைக்கும் வேலையில், அது சிறியதானாலும், பணிச் சான்றிதழை எழுத்தில் வாங்குங்கள். மூன்றாண்டைத் திருமணப் பேச்சிலிருந்து மீட்க வீட்டில் பேசுங்கள். தேவையானால் நாங்கள் வந்து பேசுகிறோம். கல்லூரிகள் செய்ய வேண்டியது வேறு: பரிந்துரைக் கடிதத்தை ஆங்கிலம் சரளமாகப் பேசும் மாணவிக்கு மட்டும் எழுதும் வழக்கத்தைக் கைவிடுவது. அரசு செய்ய வேண்டியது, நம் சமூகத்தை ஆராயும் உரிமையை உதவித்தொகையோடு திருப்பித் தருவது.

பரிமாற்றம் என்றால் கொடுத்து வாங்குவது. வடசென்னையின் பெண்கள் கொடுத்துவிட்டார்கள். வாங்க வேண்டிய பாக்கி இருக்கிறது.